ஓவன்ஸ் ஏரியின் உப்புப்புல்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 395-ஆம் நெடுஞ்சாலையில வடக்கே போறோம்னா, நம்மில் பெரும்பாலானவங்க பனி பார்க்கத்தான் போறோம். லோன் பைன் ஊருக்குக் கொஞ்சம் முன்னாடி, வலது பக்கம் வெள்ளையா ஒரு சமவெளி விரிஞ்சு கிடக்கும். காரை நிறுத்துறவங்க குறைவு. போன ஏப்ரல்ல நாங்க நிறுத்தினோம்.

ஓவன்ஸ் ஏரி. பேர்தான் ஏரி. 1913-ல நம்ம நகரம் கால்வாய் வெட்டி ஓவன்ஸ் ஆற்றுத் தண்ணியைத் தன் பக்கம் கொண்டுபோச்சு. 1920-களின் நடுவுக்குள்ள, கிட்டத்தட்ட 280 சதுர கிலோமீட்டர் ஏரி வத்திப்போச்சு. பையுட் பழங்குடி மக்கள் இதைப் பட்சியாட்டான்னு சொல்றாங்க. வெள்ளைக்காரங்க வர்றதுக்கு முன்னாடியே இந்தப் பள்ளத்தாக்குல வாய்க்கால் வெட்டிப் பாசனம் பண்ணினவங்க அவங்க.

நடுவுல வெறும் உப்புப் பாளம், ஒண்ணும் முளைக்காது. கரையை ஒட்டி உப்புப்புல். அதுக்கு மேல மேட்டுல குத்துக்குத்தா வேற புல், அப்புறம் புதர். உப்பு குறையக் குறைய செடி மாறுது. உப்புப்புல்லைப் பார்த்தா நம்ம அருகம்புல்தான் ஞாபகம் வரும். மண்ணுக்கடியில ஓடுற தண்டோட நுனி ஊசி மாதிரி, இறுகின மண்ணையும் குத்திக்கிட்டுப் போகும். உறிஞ்சின உப்பை இலையில இருக்கிற சுரப்பிகள் வழியா வெளியே தள்ளிடும். மழையோ பனி உருகின வெள்ளமோ வந்து உப்பைக் கரைச்சாத்தான் விதை முளைக்கும். மத்த நாள்ல தண்டுதான் பரவுது.

பெரியவ இலையைத் தடவி, விரல்ல ஒட்டின உப்பை நாக்குல வைக்கப் போனா. கையைப் பிடிச்சுட்டேன். இந்த மண்ணுல ஆர்சனிக் இருக்கு. காத்தடிச்சா அந்தத் தூசிதான் ஊருக்குள்ள போகுது. அதை அடக்க நகரம் இதுவரை 200 கோடி டாலருக்கு மேல செலவழிச்சிருக்கு: சில இடத்துல ஆழமில்லாமத் தண்ணி நிறுத்துறாங்க, சில இடத்துல சரளை, சில இடத்துல இதே புல்லை நட்டுச் சொட்டுநீர் விடுறாங்க. எனக்குப் புல்தான் நியாயமாப் படுது, அது ஏற்கெனவே இங்கே இருந்தது.

போறதா இருந்தா காத்தில்லாத நாளாப் பாருங்க. வசந்தத்துல உப்புத்தரையிலேயே முட்டையிடுற சின்னப் பறவைகள் உண்டு, பாதையை விட்டு இறங்காதீங்க.

"அம்மா, நம்ம வீட்டுக் குழாய்த் தண்ணி இவங்களோடதா? எப்போ திருப்பிக் குடுப்போம்?"னு சின்னவன் கேட்டான். 2006 டிசம்பர்லேர்ந்து ஆத்தோட கீழ்ப்பகுதியில, சுமார் 100 கிலோமீட்டருக்குத் திரும்பத் தண்ணி விடுறாங்கன்னு சொன்னேன்.

"அப்போ அது ஏரிக்கு வந்துடுமா?"

வராது. ஏரிக்குக் கொஞ்சம் முன்னாடியே பம்ப் வச்சு எடுத்துடறாங்க. கொஞ்சம் தூசியை அடக்க, மீதி கால்வாய்க்கு. அதையும் சொன்னேன்.