ஏற்காட்டுக்கு சைக்கிள்ல போகலாமா டாக்டர்?

ஓ.பி.ல அடிக்கடி வர்ற கேள்வி இது. கடைசியா கேட்டவர் எங்க செவ்வாய்ப்பேட்டைக்காரர். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில 20 வருஷமா குனிஞ்சு உட்கார்ந்து வேலை பார்க்கிறவர். வயசு 46, ஷுகருக்கு கிளிமிபிரைடு மாத்திரை ஓடுது. மகனுக்கு வாங்கின கியர் சைக்கிள் வீட்ல சும்மா நிக்குதாம். "ஞாயித்துக்கிழமை ஏறிடட்டுமா சார்?"னு கேட்டார். பக்கத்துல நின்ன அவர் மனைவி, வேணாம்னு சொல்லுங்கன்னு என்கிட்ட கண்ணாலேயே கெஞ்சினாங்க.

வேணாம்னு சொல்லல. ஞாயித்துக்கிழமை வேணாம், அந்த ரோடு வேணாம், உடனே வேணாம்னு சொன்னேன். ஏன்னு விரிவா எழுதுறேன் மக்களே. சேலம், நாமக்கல் பக்கம் சைக்கிள் வெச்சிருக்கிற எல்லாருக்கும் உதவும்.

முதல்ல ரோடு. ஏற்காடுன்னாலே எல்லாரும் அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறுற மெயின் ரோட்டைத்தான் நினைப்பாங்க. தூரம் கம்மிதான். ஆனா சனி ஞாயிறு வந்தா கார், வேன், பைக்னு திருவிழாக் கூட்டம். 2024 ஏப்ரல் 30 அன்னைக்கு அந்த ரோட்டுல ஒரு தனியார் பஸ் வளைவுல கவிழ்ந்து உயிர்கள் போனது சேலத்துக்காரங்க யாருக்கும் மறக்காது. வளைவுல மூச்சு வாங்கிட்டு தள்ளாடி ஏறுற சைக்கிளுக்கு அங்க இடமே இல்ல.

என் வழி குப்பனூர் வழி. லீ பஜார்ல லாரி மூட்டை இறக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கிளம்பிடுவேன். அம்மாப்பேட்டை, உடையாப்பட்டி, அயோத்தியாப்பட்டணம், அப்புறம் அரூர் ரோட்டுல குப்பனூர். அங்க இருந்து மலை. கொட்டச்சேடு வழியா ஏற்காடு போய்ச் சேரும். சுத்துதான், ஆனா வார நாள் காலையில கால் மணி நேரம் ஒரு வண்டிகூட வராத இடமெல்லாம் உண்டு. கவர்மெண்ட் டாக்டருக்கு டியூட்டி ஆஃப் வார நாள்லதான் கிடைக்கும். அதை நான் குறையா நினைச்ச காலம் போயிடுச்சு. ஒரு விஷயம்: மே மாச கோடை விழா நாட்கள்லயும், மெயின் ரோட்டுல மண் சரிஞ்சாலும் வண்டிகளை இந்தப் பக்கம் திருப்பி விடுவாங்க. அன்னைக்கு இங்கயும் அமைதி கிடையாது. விசாரிச்சுட்டுக் கிளம்புங்க.

இப்போ உடம்புக் கணக்கு. சேலம் கடல்மட்டத்துல இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோன்னு வெச்சுக்கோங்க. அந்த எடையை 1200 மீட்டர் மேல தூக்க, நம்ம உடம்பு சுமார் 900 கலோரி எரிக்கணும். சின்ன இட்லிக்கு 50 கலோரின்னா 18 இட்லி. சமதளத்துல ஓட்டினது தனி. இதை வெறும் காபியோட செய்யப் பார்க்கிறவங்கதான் பாதி மலையில கண்ணு இருட்டி உட்கார்றாங்க.

ஷுகர்காரங்களுக்கு இது இன்னும் சீரியஸ். மெட்பார்மின் மட்டும் எடுத்தா பெரிய பயம் இல்ல. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்களுக்கு, வேலை செய்ற தசை சர்க்கரையை இழுக்க இழுக்க மருந்தும் இழுக்கும். தாழ்நிலைச் சர்க்கரை வரும். அன்னைக்கு டோஸ் எவ்வளவுன்னு உங்க டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. பாக்கெட்ல குளுக்கோஸ் இருக்கட்டும். திடீர் வேர்வை, கை நடுக்கம், காரணமில்லாத எரிச்சல்னா உடனே இறங்கி சாப்பிடுங்க. வளைவை முடிச்சுட்டு பார்த்துக்கலாம்னு நினைக்காதீங்க.

அடுத்து இதயம். ஏறும்போது நெஞ்சுல அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுற வலி, நின்னா குறையுது, ஏறினா வருது. இதை "கேஸ் சார்"னு சொல்லி சோடா குடிச்சுட்டு திரும்ப ஏறாதீங்க. அன்னைக்கு சைக்கிளை விட்டுட்டு 108 கூப்பிடுங்க. இன்னொண்ணு, படுத்துட்டு எடுத்த ஈ.சி.ஜி. நார்மல்னா மலை ஏற லைசென்ஸ் கிடைச்சதா அர்த்தம் இல்ல. 40 தாண்டினவர், ஷுகர், பி.பி., புகை இருக்கிறவர் டிரெட்மில் டெஸ்ட் தேவையான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிக்கணும். மலைநோய் வருமான்னு சிலர் கேக்குறாங்க. அது பொதுவா 2500 மீட்டருக்கு மேலதான், ஏற்காட்டுக்கு அந்தக் கவலை வேணாம்.

ஏறுற வேகத்துக்கு எளிமையான அளவுகோல்: பக்கத்துல வர்றவர்கிட்ட ஒரு முழு வாக்கியம் பேச முடியணும். முடியலைன்னா கியரைக் குறைங்க. அதுக்கும் மேல கியர் இல்லைன்னா இறங்கித் தள்ளுங்க. யாரும் பார்க்க மாட்டாங்க, அதுக்குத்தானே இந்த ரோடு!

எனக்கு ஏறுறவங்களை விட இறங்குறவங்களை நினைச்சாத்தான் பயம். நீங்க 1200 மீட்டர் ஏத்தின சக்தி எங்கயும் போகல, இறங்கும்போது திரும்ப வருது. அவ்வளவும் சூடா மாறினா 3 லிட்டர் தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டு போகலாம். ஒரு பங்கைக் காத்து வாங்கிக்கும், மிச்சம் உங்க பிரேக்குல. ரிம் பிரேக்கை விடாம அழுத்திட்டே இறங்கினா ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்னாடி நல்லா அழுத்தி, விட்டு, திரும்ப அழுத்துங்க. நடுவுல நிறுத்தி ஆற விடுங்க. ஹெல்மெட் இல்லாம இறங்குறவங்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்ல, எங்க கேசுவாலிட்டி சொல்லும்.

நாய் துரத்தினா வேகம் எடுக்காதீங்க, நிறுத்தி இறங்கி சைக்கிளை நடுவுல வெச்சுக்கோங்க. கடிச்சா, நகம் பட்டாக்கூட, சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஊசி. காட்டுமாடு ரோட்டுல நின்னா தூரமா நின்னுடுங்க. வழி அதோடது.

மேல போய்ட்டா 32 கிலோமீட்டர் லூப் ரோடு இருக்கு. நாகலூர், மஞ்சக்குட்டைன்னு காபித் தோட்டத்துக்குள்ளேயே போகும். 19-ம் நூற்றாண்டுல கலெக்டர் காக்பர்ன் கொண்டு வந்த காபி. கோடை மழை பெய்ஞ்சு பூத்தா, ரோடு முழுக்க மல்லிகை மாதிரி வாசனை. எனக்கு இந்த ஜில்லாவிலேயே பிடிச்ச ரோடு அதுதான். கொல்லிமலையோட 70 வளைவு ஆசை உள்ளவங்க இதை நாலு தடவை ஓட்டிட்டு அங்க போங்க.

ஆனா அந்த அமைதியை நான் முழுசா ரசிக்க முடியறதில்ல. மலைமேல ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பார்த்திருக்கேன். வண்டி வராத ரோடுன்னா பஸ் வராத ரோடுன்னும் அர்த்தம். ராத்திரி பிரசவ வலி எடுத்தா யார்கிட்ட ஜீப் இருக்குன்னு தேடுற ஊர்கள் அது. ராசிபுரம் பக்கத்துல போதமலையில பல தலைமுறையா ரோடே இல்லாம, நோயாளியை டோலி கட்டித் தூக்கிட்டு இறங்கினாங்க. அதனால வழியில டீ குடிக்க நின்னா அந்த ஊர்ல பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டுப் பாருங்க. ஜீப், ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா ஓரமா ஒதுங்கி நின்னு வழி விடுங்க.

நம்ம கொலுசுப் பட்டறை அண்ணன் விஷயத்துக்கு வர்றேன். டிரெட்மில் டெஸ்ட் முடிஞ்சுது, மாத்திரை அளவு மாத்தியாச்சு. இப்போ வாரத்துல நாலு நாள் கன்னங்குறிச்சி மூக்கனேரி வரைக்கும் போய்ட்டு வர்றார். ரெண்டு மாசம் கழிச்சு குப்பனூர்ல இருந்து முதல் அஞ்சு கிலோமீட்டர் மட்டும், நானும் கூட வர்றேன்னு சொல்லியிருக்கேன். அவர் மனைவி, வண்டியில பின்னாடியே நானும் வருவேன்னு கண்டிஷன் போட்டிருக்காங்க. நியாயமான கண்டிஷன்.

ஷுகர், பி.பி. மாத்திரை எடுத்துட்டு சைக்கிள் ஓட்டுறவங்க சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. ஓ.பி. முடிச்சுட்டு சாயங்காலம் பதில் போடுறேன்.