வெயிலுக்கு ஒரு நிறம்

கூலிங் கிளாஸ் வாங்க வருகிறவர்கள் முதலில் தேடுவது முகம் பார்க்கும் கண்ணாடியைத்தான். பிரேமை அணிந்து, இடமும் வலமுமாகத் திரும்பிப் பார்த்து, கறுப்பு எடுப்பாக இருக்கிறதா, பழுப்பு எடுப்பாக இருக்கிறதா என்று உடன் வந்தவரைக் கேட்டு நிர்ணயம் செய்துகொள்கிறார்கள். தூத்துக்குடியில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக லென்ஸுக்குச் சாயம் ஏற்றிவரும் எனக்கு, அந்த முகக்கண்ணாடியைக் கடையிலிருந்தே அப்புறப்படுத்திவிட வேண்டும் என்று பல தடவை தோன்றியிருக்கிறது. பிறர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிவோம் என்பதை அது சொல்லும். நம் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரியப்போகிறது என்பதை அதனால் சொல்ல இயலாது. ஆகையால் வந்தவரை உட்காரவைத்து நான் கேட்கும் முதல் கேள்வி, “வெயிலில் நின்று எதைப் பார்ப்பீர்கள்?” என்பதுதான்.

ஒருநாள் உப்பளத்தில் வேலை செய்யும் அம்மாள் ஒருவர் வந்தார். வெண்மையான உப்புக் குவியலும் அசையாத பாத்தி நீரும் சூரிய கிரணங்களைத் திருப்பியடிக்க, அந்தப் பிரகாசத்தின் நடுவே ஆண்டுக்கணக்கில் நின்று நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதே அவருக்குச் சுபாவமாகிவிட்டிருந்தது. கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று பழுப்பு லென்ஸை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. “மவன் கண்ணாடி இதே கலர்தான் அண்ணாச்சி. அதப் போட்டா எல்லாப் பாத்தியும் செவப்பாத்தான் தெரியுது. எந்தத் தண்ணி முத்தியிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்க?” என்றார். உப்பு நீர் வற்றிச் செறிவடையும்போது அதில் பெருகும் நுண்ணுயிர்களால் இளஞ்சிவப்புச் சாயல் கொள்ளும் என்பதையும், அந்தச் சாயலைக் கொண்டே அவர் தம் வேலையை நிதானிக்கிறார் என்பதையும், உப்பளங்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தும் நான் யோசிக்கவில்லை. அவருக்கு வேண்டியது சாம்பல் நிறம். எல்லா வர்ணங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால், அதன் வழியே பார்க்கிறவருக்குச் சிவப்பு சிவப்பாகவும் பச்சை பச்சையாகவுமே இருக்கும். பிரகாசம் மட்டும் தணியும்.

அந்தச் சாம்பல்தான் சாயம் ஏற்றுகிறவனின் பொறுமையை எல்லா நிறங்களிலும் அதிகமாகச் சோதிப்பது. ஸி.ஆர். 39 என்னும் பிளாஸ்டிக் லென்ஸைக் கழுவி, விரல் ரேகைகூட இல்லாமல் துடைத்து, ஏறக்குறைய 90 டிகிரி சூட்டில் நிற்கும் சாயநீரில் அமிழ்த்தினால், சாயம் மேற்பரப்புக்குள் மெல்ல ஊறிச் சென்று நிலைக்கிறது. சாம்பல் என்பது பல சாயங்களின் கலவை. அவை யாவும் ஒரே வேகத்தில் ஊறுவதில்லையாதலால், சிறிது கவனம் பிசகினாலும் ஊதாச் சாயலோ பச்சைச் சாயலோ தலைகாட்டிவிடும். இரண்டு லென்ஸும் இணை பிரியாமல் ஒத்திருக்கவும் வேண்டும். வெள்ளைத் துணியின்மேல் வைத்துப் பார்த்து, பிறகு வாசலுக்குக் கொண்டுபோய்ச் சூரிய வெளிச்சத்திலும் பார்த்தால் அல்லாமல் நான் எதையும் பிரேமில் பொருத்துவதில்லை. டியூப் லைட் வெளிச்சத்தை நம்பி நிறத்தை நிச்சயிப்பது பெரும் பிழை.

பழுப்பை நான் குறைத்துச் சொல்வதாக எண்ணவேண்டாம். அது நீலக் கதிர்களை மிகுதியாகத் தடுப்பதால் மேடு பள்ளங்கள் பிரிந்து தெரியும். சாலையில் செல்வோருக்கு அது உசிதமானதே. பச்சைக்கும் தனிச் சிறப்பு உண்டு. பாஷ் அண்டு லாம்ப் நிறுவனத்தார் ரே-பான் கண்ணாடிகளுக்கென்று உண்டாக்கிய ஜி-15, 15 சதவீத ஒளியை மட்டும் உள்ளே விடுவதாலேயே அப்பெயர் பெற்றது. கடலுக்குச் செல்வோருக்கோ எந்தச் சாயமும் முழுப் பிரயோஜனம் தராது. அலைமேல் பட்டுத் தெறிக்கும் ஒளியைத் தடுக்க, எட்வின் லாண்ட் 1929-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த போலராய்டு தகடு வேண்டும். அதை அணிந்தவருக்கு நீருக்கு அடியில் இருப்பதும் தெளிவாகத் தெரியும். ஆனால் கைபேசித் திரை சில கோணங்களில் இருண்டுவிடும் என்பதை விற்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

அடர்த்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், லாரி ஓட்டுநர் ஒருவர் எவ்வளவு கறுப்பாக முடியுமோ அவ்வளவு கறுப்பாகக் கேட்க, நானும் கேள்வி ஏதும் கேளாமல் அவ்வாறே செய்து கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வந்தவர், மாலையில் புளியமர நிழலுக்குள் வண்டி நுழைந்தபோது முன்னால் போன சைக்கிள் கடைசி நிமிஷம் வரை தெரியவில்லை என்றார். யாருக்கும் தீங்கு நேராதது தெய்வாதீனம். ஒளியில் 8 முதல் 18 சதவீதம் வரை விடும் லென்ஸை 3-ஆம் வகை என்றும், 3 முதல் 8 சதவீதம் மட்டுமே விடுவதை 4-ஆம் வகை என்றும் பிரித்து, 4-ஆம் வகையை அணிந்து வாகனம் ஓட்டலாகாது என்று விதித்திருக்கிறார்கள். அந்த விதியை நான் முன்பே படித்திருக்க வேண்டும். இரவில் ஓட்டுவதற்கு மஞ்சள் லென்ஸ் கேட்கிறவர்களுக்கும் நான் கொடுப்பதில்லை. இருக்கிற சொற்ப ஒளியையும் குறைத்துவிட்டுப் பார்வை தெளியும் என்று நம்புவது அபாயகரம்.

எல்லாவற்றிலும் என் மனத்தை வருத்துவது, இருண்ட கண்ணாடி எதுவானாலும் கண்ணைக் காக்கும் என்ற அபிப்பிராயம். நிறத்துக்கும் புற ஊதாக் கதிர்த் தடுப்புக்கும் சம்பந்தமில்லை; நிறமற்ற லென்ஸே அக்கதிரை முழுவதும் தடுக்கக்கூடும், காக்கைக் கறுப்பான மலிவு லென்ஸ் தடுக்காமலும் போகக்கூடும். இருட்டைக் கண்ட கண்மணி விரிகிறது. விரிந்த கண்மணிக்குள் தடையின்றிப் புகும் அக்கதிர், வெறுங்கண்ணால் பார்ப்பதைவிட அதிகக் கேட்டை விளைவிக்க இடமுண்டு. திருவிழாக் கடைகளில் குழந்தைகளுக்கு வாங்கி மாட்டிவிடும் கண்ணாடிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கவலையே எழுகிறது.

ஆகவே வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது இரண்டு. வாங்குமுன் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து, எதைப் பார்ப்பதற்காக வாங்குகிறீர்களோ அதைப் போன்ற ஒன்றை வெயிலில் பாருங்கள். பிறகு, லென்ஸைப் புற ஊதாக் கதிர் அளக்கும் கருவியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.