விக்டோரியா ஏரிக்கரையில்

ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய ஏரி விக்டோரியா. அதன் தென்கரையில், உருண்டு திரண்ட பாறைகளுக்கிடையே தான்சானியாவின் முவான்சா நகர் விளங்குகிறது. அங்குப் பொதுநிலை மறைபரப்பாளராய்ப் பணியாற்றும் முதிய அமெரிக்கத் தம்பதியரை நாம் சந்தித்தபோது, ஈராண்டுப் பிரிவுக்குப்பின் அவர்தம் மகளும் சிறு பேரனும் வந்திருந்தனர்.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குச் சிறார்கள், "பாபு! பீபி!" என்று அத்தம்பதியரைச் சூழ்ந்துகொண்டனர். சுவாகிலி மொழியில் 'தாத்தா, பாட்டி' என்பதே அதன் பொருள். பேரனின் முகம் வாடிற்று. "இவர்கள் என் பாட்டி" என்று அவர் கையைப் பற்றிக்கொண்டான். மூதாட்டியின் விழிகள் பனித்தன; மறுமொழி கூறினாரில்லை.

மாலையில் அச்சிறார்களோடு ஏரிக்கரையில் விளையாடித் திரும்பிய பேரன், "பீபி, பசிக்கிறது!" என்று அழைத்தவாறே ஓடிவந்தான்.

அன்பர்களே, இறைபணிக்குத் தம்மை ஈந்தோரை நாம் போற்றுகிறோம். அவர்களை விட்டுக்கொடுத்த இல்லத்தாரின் காணிக்கையையும் ஆண்டவர் கணக்கில் வைத்திருக்கிறார் அன்றோ!