"வண்டியில என்ன ஏத்துவீங்க?"

அமாவாசை அன்று மாலையில் வளத்தியிலிருந்து மேல்மலையனூர் போகும் சாலையில் வண்டிகள் நகரத்தான் முடியும், ஓட முடியாது. அங்காளம்மனின் இரவு ஊஞ்சல் உற்சவத்துக்கு வரும் பேருந்து, வேன், கார் எல்லாவற்றுக்கும் நடுவே லோடு வண்டிகளும் நிற்கும். இப்போது அவற்றில் சில, மற்றவற்றைவிட ஒரு சாண் உயர்ந்து தெரிகின்றன. ஸ்பிரிங் பட்டை கூட்டி, பாடியைத் தூக்கி, கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு முரட்டு பட்டன் வைத்த அகல டயர் மாட்டிய பிக்கப்புகள். பையன்கள் சுற்றி நின்று படம் எடுக்கிறார்கள்.

அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் அதற்குத் தேவையும் இருக்கிறது. மல்லாட்டைக் கொல்லையில் செம்மண்; எந்த டயரும் ஓடும். ஏரிக்குக் கீழே கழனியில் களி. அறுவடை நேரத்தில் ஒரு மழை பெய்துவிட்டால், களத்துமேட்டிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறுவதற்குள் வண்டி அச்சுவரை புதைந்துவிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. எங்கள் மாவட்டம் முழுக்கச் சாலைகள் அறுந்தன. அதைப் பார்த்த பிறகு வண்டி கொஞ்சம் உயரமாக இருந்தால் நல்லது என்று யாருக்கும் தோன்றும்.

என் அண்ணன் மகனுக்கும் தோன்றியது. "சித்தப்பா, முப்பத்தொண்ணு இஞ்ச் டயர் போட்டுட்டா எந்தச் சேத்துலயும் எறங்கலாம்" என்றான். அவன் சொன்னதில் ஒரு உண்மை இருந்தது. பட்டை கூட்டினால் பாடிதான் உயரும். கிரவுன் இருக்கும் பின் அச்சின் ஹவுசிங் அதே இடத்தில்தான் தொங்கும். அதைத் தரையிலிருந்து தூக்குவது டயர் மட்டுமே. அதனால்தான் வண்டியைத் தூக்கியவர்கள் அடுத்ததாகப் பெரிய டயரைத் தேடுகிறார்கள். இருவருமாகத் திண்டிவனத்தில் ஒரு டயர் கடைக்குப் போனோம்.

டயருக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. திருவொற்றியூர், அரக்கோணம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், பெரம்பலூர் என்று தொழிற்சாலைகள் வரிசையாக இருக்கின்றன. கடையிலும் கூரைவரை அடுக்கியிருந்தது. கடைக்காரப் பெரியவர் ஒரு டயரையும் இறக்கவில்லை. முதலில் கேட்டார்: "வண்டியில என்ன ஏத்துவீங்க தம்பி?"

"நெல்லு, மல்லாட்டை. வெள்ளிக்கிழமைன்னா செஞ்சி சந்தைக்கு ஆடு."

"அப்போ மொதல்ல உங்க டயர்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

அவன் குந்தி உட்கார்ந்து படித்தான். 215/75 ஆர் 15. பெரியவர் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னார். 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 75 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எவ்வளவு பக்கச் சுவரின் உயரம் என்பது. 15 என்பது ரிம்மின் இஞ்ச். கணக்குப் போட்டால் டயரின் மொத்த உயரம் சுமார் 703 மி.மீ. ஒரு படி மேலே 235/75 ஆர் 15 போட்டால் 733 மி.மீ. கூடுவது 30 மி.மீ. ஆனால் ஹவுசிங் உயர்வது அதில் பாதி, 15 மி.மீ.தான். அண்ணன் மகன் கேட்ட 31 இஞ்ச் டயரிலேயே கிடைப்பது நான்கு செ.மீ. சொச்சம்.

அந்த நான்கு செ.மீ.க்கு வண்டி கொடுக்கும் விலை பெரியது. சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போவதால் மீட்டர் குறைத்துக் காட்டும். 31 இஞ்ச் டயரில் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 67-ல் ஓடிக்கொண்டிருக்கும். இழுவை அதே கணக்கில் குறையும். பாரத்தோடு மேடு ஏறும்போது ஒரு கியர் இறக்க வேண்டிவரும். டீசல் கூடக் குடிக்கும். சக்கரம் பெரிதாகிறது, பிரேக் பழையதுதான். நிற்க அதிக தூரம் எடுக்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டில் உரசும். தூக்கிய வண்டியின் மேல் வைக்கோல் கட்டு அடுக்கினால் வளைவில் சாயும் பயம் இன்னும் கூடும்.

அடுத்து அவர் காட்டியது பளு எண். அளவுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். 100 என்று போட்டிருந்தால் அந்த டயர் 800 கிலோ தாங்கும். 105 என்றால் 925 கிலோ. பார்வைக்கு முரட்டுத்தனமாக இருப்பதும் பாரம் தாங்குவதும் வேறு வேறு. எங்கள் பக்கம் நெல் மூட்டை 75 கிலோ. 16 மூட்டை ஏற்றினால் 1,200 கிலோ. அதில் பெரும்பங்கும் வண்டியின் சொந்த எடையில் ஒரு பங்கும் பின்னால் இருக்கும் இரண்டு டயர்மேல் இறங்குகிறது. ஒவ்வொன்றும் 800 கிலோவைச் சுலபமாகத் தொட்டுவிடும். ஜீப் வகைக்குச் செய்த டயரை அழகுக்காக லோடு வண்டியில் மாட்டுகிறவர்கள் இந்த எண்ணைத்தான் படிப்பதில்லை.

பாரத்தோடு 2,800 கிலோ வரும் வண்டியில் 50 பவுண்டு காற்று பிடித்திருந்தால், ஒரு டயர் தரையைத் தொடும் இடம் சுமார் 14 செ.மீ.க்கு 14 செ.மீ.தான். பிரேக், திருப்பம், மழைநீர் எல்லாவற்றையும் அந்த நான்கு சதுரங்கள்தான் தாங்குகின்றன. அங்கே பட்டன் 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்துவிட்டால் சட்டப்படியே அந்த டயரை ஓட்டக் கூடாது.

கடைசியில் நாங்கள் எடுத்தது கம்பெனி கொடுத்த அதே அளவு; லோடு வண்டிக்கென்று செய்த டயர். முன்னாடி ரிப், பின்னாடி லக். சாலையில் திருப்பும்போது முன் டயரின் நேர்க்கோட்டுப் பட்டன் உதவும். சேற்றைப் பின் டயரின் ஆழமான குறுக்குப் பட்டன் பிடித்துத் தள்ளும். எடுக்கும்முன் பக்கச் சுவரில் இருந்த நாலு இலக்கத்தையும் பெரியவர் படிக்கச் சொன்னார். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்: 2324 என்றால் 2024-ன் 23-வது வாரத்தில் செய்தது. கிளம்பும்போது ஒரு யோசனையும் சொன்னார். வெறும் வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டால் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் டயர் பரவி மண்ணைப் பிடிக்கும். சாலைக்கு ஏறியதும் பாரம் ஏற்றும் முன் மறுபடி காற்று பிடித்துவிட வேண்டும். கார்த்திகை மழையில் எங்கள் கழனிக்கு அது போதுமானதாக இருந்தது.

சட்டமும் இதில் தெளிவு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரித்த கம்பெனியின் அடிப்படை அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தூக்கிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கோருவதே பெரும்பாடாகும். பெரிய டயர் கட்டாயம் வேண்டும் என்றால், அதே வண்டியின் வேறு ரகத்துக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வெள்ளத்தில் உயரத்தை நம்புவது இன்னும் ஆபத்து. இரண்டடித் தண்ணீர் வேகமாக ஓடினால் பிக்கப்பையும் அடித்துக்கொண்டு போகும். தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறதென்றால் எந்த டயராக இருந்தாலும் இக்கரையில் நிற்பதுதான் வழி.

பெரியவரின் கேள்வி எனக்கு மறுபடி மறுபடி நினைவுக்கு வருவது அமாவாசை அன்றுதான். அன்று நம் லோடு வண்டிகளில் ஏறுவது நெல்லல்ல. வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், வேண்டுதல் முடிக்க வரும் பெண்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். வழக்கம் வேறாக இருக்கிறது. மூட்டை சரிந்தால் நஷ்டம் பணத்தோடு போகும். தூக்கிய வண்டி சாய்ந்தால் ஒரு தெருவே அழும். வண்டி வைத்திருக்கும் தம்பிகளைக் கேட்டுக்கொள்கிறேன்: டயருக்குச் செலவழியுங்கள், பளு எண்ணைப் படித்து, பாரத்துக்கு ஏற்றதாக நல்ல டயர் வாங்குங்கள், வாரம் ஒரு முறை காற்றைப் பாருங்கள். அம்மனைப் பார்க்க வருகிறவர்களை மட்டும் பேருந்திலோ வேனிலோ ஏற்றி அனுப்புங்கள்.