உப்பைத் தின்ற வண்டி

வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பதில், பெயிண்ட் அடிக்கிற வேலை ரொம்பக் கொஞ்சம் சார். கல்யாணத்தில் தாலி கட்டுகிற மாதிரி. ஒரு நிமிஷ சமாசாரம். அதற்கு முன்னால் ஜாதகம் பார்த்து, மண்டபம் பிடித்து, சமையல்காரரிடம் சண்டை போட்டு ஆறு மாசம் அலைகிறோமே, அதுதான் கல்யாணம். மற்றதெல்லாம் போட்டோவுக்கு!

தூத்துக்குடியில் என் அண்ணன் ஒரு டாடா ஏஸ் வைத்திருக்கிறான். 2005-ல் இந்த மாடல் வந்ததிலிருந்தே நம் ஊர்க்காரர்கள் அதற்கு 'குட்டி யானை' என்று பேர் வைத்துவிட்டார்கள். முக்கால் டன் ஏற்றலாம் என்பது கம்பெனிக் கணக்கு. அண்ணன் கணக்கு வேறு. அதை இங்கே எழுதினால் ஆர்.டி.ஓ. படித்துவிடுவார்.

உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்தபடி தமிழ்நாடுதான். அதில் பெரும் பங்கு எங்கள் ஊர்ப் பக்கம். அண்ணன் வண்டிக்கு வருஷத்தில் ஒன்பது மாசம் உப்பு லோடுதான். கோவில்பட்டி, சங்கரன்கோவில், திருநெல்வேலி என்று மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டு வருவான். நம் சாம்பாரில் ருசி ஏறுகிறது. அவன் வண்டியில் துரு ஏறுகிறது.

போன செப்டம்பர் கடைசியில் வண்டி எஃப்.சி.க்கு வந்தது. வண்டி பழசானால் எட்டு வருஷம் வரைக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. அதைத் தாண்டினால் வருஷா வருஷம். மனுஷனுக்கு நாற்பது தாண்டினால் டாக்டர் சொல்வது போலத்தான். அண்ணன் வண்டி எட்டைத் தாண்டியது. கதவுக்குக் கீழே துரு, சக்கரத்துக்கு மேலே துரு, பின்னாடி தொட்டியின் தரையில் இரண்டு இடத்தில் ரோடு தெரிந்தது. வண்டியில் உட்காராமலே ரோடு பார்க்கலாம்.

டிங்கரிங் பட்டறையில் 32,000 ரூபாய் கேட்டார்கள். பத்து நாள் ஆகுமாம். அண்ணனுக்கு இன்னும் பதினொரு டியூ பாக்கி. அந்த வாரமே ஒரு புரோக்கர் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கதவில் விரலால் ஒரு குத்து குத்தினார். துரு உதிர்ந்தது. "இரும்பு விலைக்குத்தாம்ணே போவும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு ராத்திரி அண்ணன் சாப்பிடும்போது சொன்னான்: "வித்துரலாம்னு பாக்கேன்ல. ஹார்பர்ல செக்யூரிட்டிக்கு ஆள் எடுக்கானுவளாம்."

மதினி சோறு போட்ட கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். பதினாறு வருஷமாக ஸ்டியரிங் பிடித்தவன். இரண்டு வருஷம் முன்பு வரை கூலிக்கு ஓட்டி, பிறகுதான் சொந்த வண்டி என்று செகண்ட் ஹாண்டில் இதை எடுத்தான். நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, ஆபீஸ் பழக்கத்தில், ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

மதினியின் சீட்டுப் பணம் 9,000 இருந்தது. எனக்கு நாலு சி.எல். பாக்கி இருந்தது. (எங்கள் மேனேஜரிடம் 'வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கணும்' என்று லீவு கேட்டேன். "டூவீலருக்கா?" என்றார். "குட்டி யானைக்கு" என்றேன். கோயில் விசேஷம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.)

கடையில் போனவுடன், "பி.யு. அடிங்க சார், கண்ணாடி மாதிரி நிக்கும்" என்றார்கள். நிற்கும். சந்தேகமில்லை. ஆனால் அதில் கலக்குகிற ஹார்டனரில் ஐசோசயனேட் என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. ஸ்ப்ரே பண்ணும்போது அந்தப் புகை நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமாவே வரலாம். மூக்கில் கைக்குட்டை கட்டினால் நிற்காது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவந்து சுவாசிக்கிற மாஸ்க் வேண்டும். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஆறடி. அந்த வீட்டில் கைக்குழந்தை. எனவே பி.யு. கிடையாது.

அடுத்தது என்.சி. பெயிண்ட். சீக்கிரம் காயும், விலையும் தாங்கும். ஆனால் பழைய எனாமல் மேல் அதை அடித்தால், அதிலிருக்கிற தின்னர் கீழே இருக்கும் எனாமலை ஊற வைத்து அப்பளம் பொரிகிற மாதிரி சுருக்கிவிடும். வண்டி மேல் இருப்பது எந்த ஜாதி பெயிண்ட் என்று கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. துணியில் என்.சி. தின்னரை நனைத்து, கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு நிமிஷம் வைத்துப் பார்க்க வேண்டும். கரைந்து துணியில் ஒட்டினால் என்.சி. சுருங்கினால் எனாமல். எங்களுக்குச் சுருங்கியது. அதனால் சாதா சிந்தெடிக் எனாமல், நாலு லிட்டர், 1,400 ரூபாய். பளபளப்பு ஒரு வருஷத்தில் மங்கும்தான். மங்கட்டுமே, வருஷா வருஷம் எஃப்.சி. வரத்தானே போகிறது!

கலர் வெள்ளைதான். அண்ணன் பையன் மஞ்சள் கேட்டு அழுதான். ஆர்.சி.யில் வெள்ளை என்று இருக்கும்போது நம் இஷ்டத்துக்கு மஞ்சள் அடித்தால், அப்புறம் ஆர்.சி.யையும் மாற்ற அலைய வேண்டும். அவனுக்கு ஒரு மஞ்சள் பலூன் வாங்கிக் கொடுத்து சமாதானம் பண்ணினோம்.

முதல் நாள் பேட்டரி கனெக்‌ஷனைக் கழற்றிவிட்டு, வெல்டிங் பட்டறையில் தொட்டித் தரைக்குத் தகடு வைத்துப் பற்ற வைத்தோம். 1,800 ரூபாய். அந்த வேலையை மட்டும் வீட்டில் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. பக்கத்திலேயே டீசல் டாங்க்.

இரண்டாம் நாள் தேய்க்க ஆரம்பித்தோம். நம் ஊரில் இதற்கு 'உப்புத்தாள்' என்று யார் பேர் வைத்தார்களோ, எங்கள் வண்டியை மனசில் வைத்துத்தான் வைத்திருக்க வேண்டும். உப்பு தின்ற வண்டிக்கு உப்புத்தாள்! துருவுக்கு கம்பி பிரஷ், அப்புறம் 80-ம் நம்பர் தாள், அப்புறம் 120, பழைய பெயிண்ட் மேல் 220. நம்பர் கூடக் கூட தாள் நைஸ். சாயங்காலம் என் வலது கை தனியாகத் தொங்கியது. டீ டம்ளரை இடது கையால் பிடித்துக் குடித்தேன். ஆனால் துரு இருந்த இடமெல்லாம் வெள்ளிக் காசு மாதிரி மின்னியது. அண்ணன் ரெட் ஆக்சைடு டப்பாவைத் திறக்கப் போனான்.

அப்போதுதான் எதிர் வீட்டுப் பெரியவர் வந்தார். ஒரு காலத்தில் உப்பு லோடு தோணிகளுக்கு வேலை பார்த்தவர். "இப்ப அடிச்சியன்னா மூணே மாசம்லே. கழுவுனியா?" என்றார்.

"தேய்ச்சாச்சு பெரியப்பா."

"தேய்ச்சா துருதான் போவும். உப்பு போவுமா? உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும்லே!"

இது பழமொழி இல்லை சார், கெமிஸ்ட்ரி. துரு தின்ற இரும்பில் ஊசி முனை அளவில் குழிகள் இருக்கும். அதற்குள் உப்பு ஒளிந்திருக்கும். கம்பி பிரஷ் அங்கே போகாது. அதன் மேல் பெயிண்ட் அடித்தால், பெயிண்ட் வழியாகவே காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்கும் அந்த உப்பு. எந்த பெயிண்டும் ஈரத்தை முழுசாகத் தடுத்துவிடாது. உள்ளே தண்ணீர் சேர்ந்தால் மேலே கொப்புளம். கொப்புளம் உடைந்தால் பழையபடி துரு. புரோக்கர் விரலுக்கு மறுபடியும் வேலை.

சரி, கழுவலாம் என்று போர் மோட்டாரைப் போட்டான் அண்ணன். பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் தெரு போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. கடல் அந்தப் பக்கம் கூப்பிடு தூரம். உப்பை எடுக்க உப்புத் தண்ணியா?

வேண்டியது நல்ல தண்ணி. அதாவது குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணி. அன்றைக்கு எங்கள் தெருவுக்குத் தண்ணி வருகிற முறை இல்லை. வீட்டில் ஆறு குடம் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் மதினியைப் பார்த்தோம். மதினி குடங்களைப் பார்த்தாள்.

"குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல வண்டியக் குளிப்பாட்டுதியளோ!" என்றாள். சொல்லிவிட்டு, அவளே இடுப்பில் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பிறகு வண்டியில் தண்ணீர் விற்கிறவரிடம் பதினைந்து குடம், குடம் 12 ரூபாய் என்று 180 ரூபாய்க்கு வாங்கினோம். மொத்த செலவில் பெயிண்டைக் காப்பாற்றியது அந்த 180 ரூபாய்தான் என்பேன்.

கழுவி, பிரஷ் போட்டு, மறுபடி கழுவி விட்டோம். மறுநாள் காலை பார்த்தால் தேய்த்த இடமெல்லாம் ஆரஞ்சுக் கலரில் மெல்லிசாகப் புதுத் துரு! அண்ணன் உட்கார்ந்துவிட்டான். பெரியவர் அசரவில்லை. "குழிக்குள்ள இருந்தது வெளிய வருதுலே, நல்லது" என்றார். மறுபடி தேய்ப்பு, மறுபடி குளிப்பு. மூன்றாவது தடவை வழிந்த தண்ணீரை அண்ணன் ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். லேபரட்டரி டெஸ்ட்! "கரிக்கல" என்றான். உடனே துணியால் துடைத்து, வெயிலில் நன்றாகக் காய விட்டு, மறுபடி துரு பூக்க டைம் கொடுக்காமல் அன்று மத்தியானமே ரெட் ஆக்சைடு அடித்து முடித்தோம்.

உப்பு லோடில் ஒரு சங்கடம் என்னவென்றால், வண்டி ஓய்வாக நிற்பதே அக்டோபரில் மழை வந்து உப்பளம் மூடும்போதுதான். மழையோ பெயிண்டுக்கு ஆகாது. வண்டி கிடைக்கும்போது வெயில் கிடைக்காது, வெயில் கிடைக்கும்போது வண்டி கிடைக்காது. எங்களுக்கு நடுவில் ஒரு வாரம் மாட்டியது. பட்டி வைத்து, 400 வாட்டர் பேப்பர் போட்டு (இதுவும் நல்ல தண்ணியில்தான்), கண்ணாடிக்கும் லைட்டுக்கும் பழைய பேப்பர் ஒட்டினோம். அதில் ராசிபலன் பக்கம் ஒன்று முன் கண்ணாடியில் வந்தது. அண்ணன் ராசிக்கு 'வாகன யோகம்' என்று போட்டிருந்தது. ஒட்டுவதற்கு முன் இரண்டு தடவை படித்தான்.

கேபினுக்கு மட்டும் கம்ப்ரஸர் வாடகைக்கு எடுத்தோம், ஒரு நாளைக்கு 600 ரூபாய். தொட்டிக்கு ஸ்பாஞ்ச் ரோலர் போதும். ரோலரில் உருட்டி, ஈரம் காய்வதற்குள் நல்ல பிரஷ் நுனியால் ஒரே திசையில் லேசாக இழுத்துவிட்டால் உருட்டின தடம் தெரியாது. காலை பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். அப்புறம் கடல் காற்று கிளம்பி ஊர்ப் புழுதியெல்லாம் எனாமல் மேல் வந்து குடியேறும். எனாமல் வேறு நிதானமாகக் காய்கிற பேர்வழி.

கம்ப்ரஸரை ராத்திரிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால், "ரெண்டாவது கோட்டை இப்பவே அடிச்சிருவம்ல" என்று அண்ணன் டியூப் லைட்டைக் கட்டினான். சாயங்காலம் லேசாக ஒரு தூறல் போட்டு விட்டிருந்தது. அடித்து முடித்துப் பத்து நிமிஷம். எங்கிருந்தோ ஈசல். நூறா, ஆயிரமா! வெள்ளை வண்டி, வெள்ளை லைட். ஊர் ஈசலெல்லாம் கல்யாண வீடு என்று வந்து இறங்கிவிட்டது. லைட்டை அணைத்தேன். அதற்குள் பானட் மேல் ஒரு ஜில்லாவே செட்டிலாகியிருந்தது. ஈரத்தில் கை வைத்தால் இன்னும் மோசமாகும் என்பதால் அப்படியே விட்டுத் தூங்கப் போனோம். அண்ணன் தூங்கவில்லை என்பது காலையில் அவன் கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது.

காய்ந்த பிறகு இறக்கைகள் பாதி தானாக உதிர்ந்தன. மிச்சத்தை 600-ம் நம்பரில் தேய்த்து, அங்கே மட்டும் மறுபடி ஒரு கோட்டு, இந்தத் தடவை ரோலரில். இடது கதவுக்கு மேலே ஒரே ஒரு இறக்கை இன்னும் உள்ளே இருக்கிறது. எங்கே என்று சொன்னால்தான் தெரியும்.

வாடகை வண்டி என்றால் ஓனர் பேர், விலாசம், வெறும் வண்டி எடை, லோடு எடை எல்லாம் எழுதியிருக்க வேண்டும். இப்போது எல்லாரும் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். நான் பென்சிலால் கோடு போட்டு, கறுப்பு எனாமலில் கையாலேயே எழுதினேன். பன்னிரண்டு வருஷம் ரெஜிஸ்டர் எழுதிய கை, வேறெதற்கு இருக்கிறது? அண்ணன் பேரை எழுதும்போது அவன் பின்னால் வந்து நின்றான். ஒன்றும் சொல்லவில்லை. இனிஷியலுக்கு அப்புறம் புள்ளி வைத்தேனா என்று மட்டும் குனிந்து பார்த்தான். அப்பா பேரின் இனிஷியல்.

முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ரிஃப்ளெக்டர் டேப் 900 ரூபாய்க்கு ஒட்டி, பதினோராம் நாள் எஃப்.சி.க்குப் போனோம். இன்ஸ்பெக்டர் பிரேக்கைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார், இண்டிகேட்டரைப் பார்த்தார். பெயிண்டை விசேஷமாக ஒன்றும் பார்க்கவில்லை! அண்ணனுக்கு அதில் லேசான வருத்தம். சர்டிபிகேட் மட்டும் வந்தது.

மொத்தச் செலவு 7,990 ரூபாய். இதில் டீ, வடை மட்டும் 640. என் நாலு நாள் சம்பளத்தையும், அண்ணனின் பத்து நாள் வாடகையையும், பெரியவரின் ஆலோசனைக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்தால் பட்டறைக்காரர் கேட்டது அப்படியொன்றும் அநியாயமில்லை. சேர்க்காததால்தான் லாபம்! மீதி 1,010 ரூபாயை மதினியிடம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு அதிலேயே தொட்டிக்கு ஒரு தடித்த தார்ப்பாயும், மூடி போட்ட ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மும் வாங்கி வரச் சொன்னாள். தார்ப்பாய் சரி, டிரம் எதுக்கு என்று கேட்டான் அண்ணன்.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அதுக்குக் குளிக்க நல்ல தண்ணி வேண்டாமா?"

மழை விட்டு உப்பு லோடு மறுபடி ஆரம்பித்து ஐந்து மாசம் ஆகிறது. போன வாரம் அந்தப் புரோக்கர் தெருவில் எதிர்ப்பட்டார். வண்டியைச் சுற்றி வந்து, கதவுக்குக் கீழே விரலால் ஒரு குத்து குத்தினார். 'ணங்'கென்று சத்தம் கேட்டது. விரலை உதறிக்கொண்டே, "என்ன வெலண்ணே சொல்லுதிய?" என்றார்.

அண்ணன் வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஃபர்ஸ்ட் கியர் போட்டான்.