சட்டைப் பையில் ஒரு சீட்டு

எங்கள் பக்கத்தில் போர்டிங் பாஸை யாரும் எறிவதில்லை. பழவேற்காடு ஏரியை ஒட்டிய குப்பங்களில், வளைகுடாவுக்குப் போய்வந்த ஆள் இருக்கிற வீட்டின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ரேஷன் கார்டு, நல வாரிய அட்டை, காலாவதியான பாஸ்போர்ட் இவற்றோடு ரப்பர் பேண்டு போட்ட ஒரு சின்னக் கட்டும் இருக்கும். எல்லாம் பாதி கிழித்த சீட்டுகள். மஸ்கட், குவைத், பஹ்ரைன். அந்த வழுவழுத் தாளில் சூட்டால் விழும் எழுத்துக்கு ஆயுசு கம்மி; சில சீட்டுகளில் பெயர்கூட மங்கிப் போயிருக்கும். ஆனாலும் குப்பைக்குப் போகாது.

மாமா பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவர். அவருடைய கட்டும் அப்படித்தான். எதற்கு மாமா இது என்று கேட்டால், "போனதுக்கு அத்தாட்சி வேணாமாப்பா?" என்பார். யாரும் அவரிடம் அத்தாட்சி கேட்கப் போவதில்லை. அலுவலகப் பயணப்படி வாங்குகிறவர்களிடம்தான் கணக்குப் பிரிவு அதைக் கேட்கும். ஆனால் ஆயுசு முழுக்க ஏதாவது ஒரு அட்டையைக் காட்டச் சொல்லியே கேட்கப்பட்டவருக்கு, தன் பெயர் அச்சடித்த எந்தத் தாளையும் கீழே போட மனசு வராது. 2008 நவம்பரில் மும்பைக்குக் கடல் வழியாக வந்து தாக்கினார்கள் அல்லவா, அதற்குப் பிறகு கடலோர மீனவர் எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் கைரேகை எடுத்து பயோமெட்ரிக் அட்டை கொடுத்தார்கள். தன் ஊர்க் கடலில் வலை போடவே அட்டை காட்ட வேண்டியவர், வானத்தில் பறக்கக் கொடுத்த சீட்டை எப்படி எறிவார்?

இப்போது டிக்கெட் வாட்ஸ்அப்பில் வருகிறது. ஏஜென்ட் அனுப்புவார், அதை எடுத்துக்கொண்டு கடைத்தெருவிலோ பொன்னேரியிலோ ஜெராக்ஸ் கடைக்குப் போய் இரண்டு பிரின்ட் எடுப்பது முதல் வேலை. "எல்லாம் போன்லயே இருக்குதே, எதுக்குத் தாளு?" என்று மாமாவின் மகன் கேட்டான். மாமா திருப்பிக் கேட்ட கேள்வி எனக்கு மறக்கவில்லை: "போனை அடுத்தவன் கையில குடுக்க முடியுமாடா?"

விஷயமே அதுதான். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர் விமான நிலையத்துக்குள் வழி கண்டுபிடிப்பது கேட்டுக் கேட்டுத்தான். சீட்டை நீட்டினால் போதும். எதிரே வருகிற யாரும் அதைப் பார்த்து, கேட் நம்பர், நேரம், உட்காரும் இடம் எல்லாம் சொல்லிவிடுவார்கள். தரை துடைக்கிற அம்மா சீட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் கையாலேயே திசை காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். போன் அப்படியில்லை. நீட்டுவதற்குள் திரை அணைந்துவிடும். திறந்தால் அத்தையின் அழைப்பு வந்து சீட்டை மறைக்கும். அதற்குள் பணம் இருக்கிறது, குடும்பப் படம் இருக்கிறது. முன்பின் தெரியாதவரிடம் கொடுக்க நமக்கும் தயக்கம், வாங்க அவருக்கும் தயக்கம். தாளை எவரும் படித்துச் சொல்லலாம், போன் உடையவனுக்கு மட்டும்.

சார்ஜ் கதை தனி. வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவிலும் விடியற்காலையிலும்தான் கிளம்பும். ஆனால் பழவேற்காட்டிலிருந்து வேன் மத்தியானமே புறப்பட்டுவிடும். சென்னை அறுபது கிலோமீட்டர்தான் என்றாலும், வடசென்னையின் லாரி வரிசையை நம்பி யாரும் நேரம் கணக்குப் போட மாட்டார்கள். வழியெல்லாம் சொந்தக்காரர்கள் போன் செய்து வழியனுப்புவார்கள். மீனம்பாக்கத்தில் இறங்கும்போது போனில் உயிர் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும்.

இதைப் படிக்கிற பட்டணத்துப் பிள்ளைகள், பாவம் குப்பத்து ஜனங்களுக்கு டெக்னாலஜி தெரியாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஃபைபர் போட்டில் ஜி.பி.எஸ். வைத்து, மீன் கிடைக்கும் இடங்களைப் புள்ளி போட்டுச் சேமித்து வைத்திருப்பவர்கள் இவர்கள். ஹைதராபாத்திலிருந்து இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் பார்த்துச் சொல்லும் மீன்வளப் பகுதித் தகவல் குறுஞ்செய்தியாக வருகிறது. காற்று நிலவரம் போனில்தான். ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்ற அறிவிப்பும் இப்போது போனுக்கே வந்துவிடுகிறது. ஆனால் உப்புத்தண்ணீர் பட்டால் எந்தக் கருவியும் என்ன ஆகும் என்பது இவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு நமக்குத் தெரியாது. பாலித்தீன் உறைக்குள் போனைச் சுற்றி வைத்துக்கொண்டும், திரும்பி வரும்போது லைட் ஹவுஸ் எந்தப் பக்கம் தெரிகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். கருவியை நம்பாததால் அல்ல. ஒன்றையே நம்பிக் கடலில் இருக்கக் கூடாது என்பதால். அதே புத்திதான் விமான நிலையத்திலும் சட்டைப் பைக்குள் ஒரு தாளைச் செருகி வைக்கிறது.

தாள் என்றாலே நல்லது என்று சொல்ல வரவில்லை. 2017 ஜூன் கடைசிவரை, வெளிநாடு கிளம்பும் இந்தியர் ஒவ்வொருவரும் ஒரு புறப்பாட்டு அட்டையை நிரப்பித் தர வேண்டும். பாஸ்போர்ட் நம்பர், விமான நம்பர், முகவரி, போகும் காரணம் எல்லாம் அதில் எழுத வேண்டும். இமிக்ரேஷன் வரிசைக்கு முன்னால் உள்ள மேஜையில் பேனாவோடு நிற்கிற எவரையும் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் அப்பா வயதுள்ளவர்கள், புயலில் படகு ஓட்டியவர்கள், பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் நீட்டி, "கொஞ்சம் எழுதிக் குடுங்க சார்" என்று கெஞ்சும் குரலில் கேட்பார்கள். பக்கத்தில் நிற்பவர் பார்க்கிறாரே என்று அவர்கள் முகம் சுருங்கும். அந்த ஆண்டு ஜூலை 1 முதல் அந்த அட்டை ஒழிந்தது. அதற்காக ஒருவரும் கண்ணீர் விடவில்லை. நம்மை எழுதச் சொல்லிக் கூனவைத்த தாள் அது. போர்டிங் பாஸோ நமக்காக எழுதி நம் கையில் கொடுக்கிற தாள். இரண்டையும் ஒரே பழைய காலக் குப்பையாகப் பார்ப்பது சரியில்லை.

பழவேற்காட்டுக்குப் பயணச் சீட்டு புதிதும் அல்ல. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் இந்தியப் பெருங்கடல் முழுக்கத் தங்களுடையது என்று அறிவித்து, கர்தாஸ் என்ற அனுமதிச் சீட்டை விற்றார்கள். அது இல்லாத கப்பலைப் பிடித்துச் சரக்கைப் பறிப்பார்கள். மலாக்காவுக்குத் துணி ஏற்றிய சோழமண்டலக் கரை வியாபாரிகளும் அதற்குப் பணிய வேண்டியிருந்தது. பிறகு டச்சுக்காரர்கள் வந்து 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களும் சீட்டு கொடுத்தார்கள். அந்தப் பதினேழாம் நூற்றாண்டில் இந்தத் துறையிலிருந்து, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கு அடிமைகளாக ஏற்றப்பட்ட மனிதர்களும் உண்டு. அவர்களுக்குச் சீட்டே தேவைப்படவில்லை, சரக்குக் கணக்கே போதுமானதாக இருந்தது. டச்சுக் கல்லறையில் செதுக்கிய எலும்புக்கூட்டைப் படம் பிடிக்க வரும் சுற்றுலாக்காரர்களிடம் இதை யாராவது சொன்னால் தேவலை.

உலகம் தாளை விட்டு நகர்ந்துகொண்டிருப்பது உண்மை. 2008 ஜூன் முதல் தேதியோடு விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா காகித டிக்கெட்டை நிறுத்தியது. 2023 மே 15 முதல் துபாய் மூன்றாம் முனையத்தில் எமிரேட்ஸ் பெரும்பாலோருக்குப் போனிலேயே பாஸ் அனுப்புகிறது. ஐரோப்பாவின் ரயன்ஏர் 2025 நவம்பர் 12 முதல் முழுக்க டிஜிட்டல் என்று அறிவித்தது. ஆனால் பாருங்கள், முன்பே ஆன்லைனில் செக்-இன் செய்தவரின் போன் செத்துப்போனால் விமான நிலையத்தில் இலவசமாக ஒரு சீட்டு தருவோம் என்று அவர்களும் சொல்லியிருக்கிறார்கள். எமிரேட்ஸும் கேட்பவருக்கு அச்சிட்டுத் தருகிறது. மேஜைக்கு அடியில் எல்லாரும் ஒரு பிரின்டரை வைத்துக்கொண்டுதான் டிஜிட்டல் பேசுகிறார்கள். நம் நாட்டில் 2022 டிசம்பரில் தொடங்கிய டிஜியாத்ராவில் முகமே சீட்டு. அது உள்நாட்டு விமானங்களுக்குத்தான். பத்தாம் வகுப்பு முடிக்காததால் குடியேற்றச் சோதனை முத்திரை கொண்ட பாஸ்போர்ட்டோடு வளைகுடா போகிறவர், எந்தச் செயலி வந்தாலும் கவுன்டரில் நின்று விசாவைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

எல்லாரும் படிக்கலாம் என்ற தாளின் குணத்திலேயே ஆபத்தும் உண்டு. 2020-இல் ஆஸ்திரேலிய முன்னாள் பிரதமர் டோனி அபட் தன் போர்டிங் பாஸைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். அதிலிருந்த முன்பதிவு எண்ணை வைத்து ஒருவர் அவருடைய பாஸ்போர்ட் எண்ணையும் போன் நம்பரையும் எடுத்துவிட்டார். நம் பையன்கள் மனாமா கிளம்பும்போது பாஸையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்துப் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். தம்பிகளா, அந்தச் சீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கட்டும், ஸ்டேட்டஸில் வேண்டாம்.

வீட்டுப் பெரியவர்களை அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நாம் போக முடியாது. அதனால் வேனில் போகும்போதே சொல்லி வையுங்கள்: போனில் பாஸ் வந்திருந்தாலும், கவுன்டரில் ஒரு தாள் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் இதற்கு 200 ரூபாய் வசூலித்த நிறுவனமும் உண்டு. 2022 ஜூலை 21 அன்று விமானப் போக்குவரத்து அமைச்சகம், கவுன்டரில் போர்டிங் பாஸ் கொடுப்பதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று விமான நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது. காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.