மைக்கேல் ஜாக்சன் ஊரில் ஊமையான ஆர்கன்!

மைக்கேல் ஜாக்சன் பிறந்த ஊர் எது? 'கேரி'ன்னு சட்டுனு சொல்லியிருந்தா, கை கொடுங்க பாஸ்... நீங்க நம்ம கட்சி! தெரியலைன்னாலும் பரவாயில்லை. அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தில், சிகாகோவுக்குப் பக்கத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிற இரும்பு ஊர் அது. 1958-ல் ஜாக்சன் பிறந்தபோது, அதே ஊரின் நடுவில் இன்னொரு பெரிய பாட்டுக்காரர் ஜோராகப் பாடிக்கொண்டிருந்தார். சிட்டி மெதடிஸ்ட் சர்ச்சின் பைப் ஆர்கன். இன்று அது அங்கே இல்லை. அது ஏன் இல்லாமல் போச்சு என்பதுதான் மேட்டர்.

'பைப் ஆர்கனுக்கும் எனக்கும் என்னடா சம்பந்தம்'னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. ப்ளஸ் டூ பிசிக்ஸ் லேப் ஞாபகம் இருக்கா? தண்ணி ஊத்தின குழாய் மேல ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டிப் பிடிப்போமே... தண்ணி மட்டத்தை மாத்திக்கிட்டே வந்தா, ஒரு இடத்துல 'ங்ஙொய்ய்'னு சத்தம் தூக்குமே, அந்த ஒத்ததிர்வு எக்ஸ்பரிமென்ட். அதை ஒரு கட்டடம் சைஸுக்குப் பெரிசாக்கினா, பைப் ஆர்கன்!

கணக்கு சிம்பிள். இரண்டு பக்கமும் திறந்த குழாயில், ஒலியின் வேகத்தைக் குழாய் நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் அதிர்வெண். 8 அடிக் குழாய்க்கு சுமார் 70 ஹெர்ட்ஸ் வரும். குழாய் முனைக்கான திருத்தத்தையும் சேர்த்தால் 65-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பெரிய ஆர்கன்களில் 32 அடிக் குழாய்கூட உண்டு. அது எழுப்புவது சுமார் 16 ஹெர்ட்ஸ். காதில் கேட்கிறதைவிட, நெஞ்சுக்கூட்டில் அதிர்வதுதான் அதிகம்.

ஒரு குழாய்க்கு ஒரு ஸ்வரம்தான். அதனால் பெரிய ஆர்கனில் ஆயிரக்கணக்கில் குழாய்கள். மோட்டார் ஓடி, துருத்தியில் காற்றை நிரப்பி வைக்கும். வாசிக்கிறவர் கட்டையை அழுத்தினால் கரன்ட் பாயும், காந்தம் இழுக்கும், குட்டி வால்வு திறக்கும், அந்தக் காற்று ஒரு தோல் பையை அசைக்க, குழாய் வாய் திறந்து பாடும். 1920-களிலேயே இவ்வளவும்! மெக்கானிக்கல், ட்ரிபிள் ஈ இரண்டு டிபார்ட்மென்ட்டும் சண்டை போடாம சேர்ந்து செஞ்ச ப்ராஜெக்ட் மாதிரி இல்லை?

இந்த வித்தையில் கில்லாடி, பாஸ்டனைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸ்கின்னர். ஃப்ரெஞ்ச் ஹார்ன் மாதிரி ஆர்கெஸ்ட்ரா வாத்தியங்களின் குரலைக் குழாய்க்குள் கொண்டுவந்தவர். அவர் கம்பெனியின் ஆர்கன்தான் கேரிக்கு வந்தது.

கேரி ஊரே ஒரு கம்பெனி போட்ட ஊர்தான். 1906-ல் யு.எஸ். ஸ்டீல் தன் ஆலைக்காகக் கட்டியது. கம்பெனித் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயரையே ஊருக்கும் வைத்துவிட்டார்கள். 1926-ல் சிட்டி மெதடிஸ்ட் சர்ச் திறக்கப்பட்டது. செலவு சுமார் 10 லட்சம் டாலர். கோதிக் பாணியில் வானுயர்ந்த ஹால், கூடவே தியேட்டர், ஜிம். நான்கு வரிசைக் கட்டைகள் கொண்ட ஆர்கன், எல்பர்ட் கேரி கொடுத்த பரிசு. 1950-களில் சர்ச்சுக்கு சுமார் 3,000 உறுப்பினர்கள்.

அப்புறம்தான் ட்விஸ்ட். கறுப்பின மக்கள் ஊரில் அதிகமாக அதிகமாக, வெள்ளையர் குடும்பங்கள் பெட்டி கட்டிப் புறநகருக்குக் கிளம்பின. சர்ச் உறுப்பினர்களில் பெரும்பாலானவர்கள் வெள்ளையர்கள். கடைகளும் பணமும் அவர்கள் பின்னாலேயே போச்சு. 1967-ல் ரிச்சர்ட் ஹாட்சர் என்ற கறுப்பினத்தவர் மேயராக ஜெயித்தபோது, அவர் கைக்கு வந்தது காலியாகிக்கொண்டிருந்த ஊர். இரும்பு ஆலையிலும் ஆள் குறைப்பு. 1970-ல் 30,000 பேருக்கு மேல் வேலை பார்த்த இடத்தில், 1990-ல் சுமார் 6,000 பேர். 1960-ல் 1,78,320 பேர் இருந்த ஊரில், 2020 கணக்குப்படி 69,093 பேர்தான்.

1975-ல் சர்ச்சைப் பூட்டிவிட்டார்கள். 1997-ல் ஒரு பெரிய தீ. 'ஓ, தீயிலதான் எல்லாம் போச்சா?'ன்னு கேட்டா, அவசரப்படாதீங்க. தீ வந்தபோது, சர்ச் காலியாகி 22 வருஷம்! ஆர்கன் அந்தப் பூட்டு விழுந்த அன்றே சாக ஆரம்பித்துவிட்டது.

எப்படி? கிடார்னா தோள்ல மாட்டிக்கிட்டுக் கிளம்பிடலாம். ஆர்கனை அது நிற்கிற ஹாலுக்காகவே அளவெடுத்துச் செய்கிறார்கள். ஹாலும் அந்த வாத்தியத்தில் ஒரு பாகம். காற்றின் வெப்பம் 1 டிகிரி மாறினாலே ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் மாறும். குழாயின் சுருதியும் கூடவே நகரும். தோல் பைகள் சில பத்தாண்டுகளில் காய்ந்து கிழியும், மாற்ற வேண்டும். கூரை ஒழுகினால் மரப் பெட்டிகள் உப்பிவிடும். யாராவது ஒருத்தர் வந்து பார்த்துக்கொண்டே இருக்கணும். அவருக்குச் சம்பளம் கொடுக்க இன்னொருத்தர் இருக்கணும். அந்த இன்னொருத்தருக்கு ஊரில் வேலை இருக்கணும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால், கடைசியில் நிற்பது குழாய்.

நம்பலைன்னா யேல் யூனிவர்சிட்டிக்கு வாங்க. அங்கே உல்சி ஹாலில் ஒரு பழைய ஆர்கன். அதை 1928-ல் ஸ்கின்னர் கம்பெனிதான் பெரிசாக்கித் திரும்பக் கட்டியது. மொத்தம் 12,617 குழாய்கள். கிட்டத்தட்ட கேரி ஆர்கனின் வயசுதான், அதே கம்பெனிதான். அது இன்றும் பாடுகிறது! ஆர்கன்களைப் பார்த்துக்கொள்வதையே வேலையாக வைத்திருக்கிற ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். கேரியில் இல்லாமல் போனது அவர்கள்தான்.

இதை ஏன் நான் இவ்வளவு சீரியஸா எடுத்துக்கிட்டேன்னா, ஒரு காரணம் இருக்கு. நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். ஹாஸ்டலில் ராத்திரி ப்ளேஸ்மென்ட் பேச்சு ஓடும். டிசைன்னா 'சூப்பர் மச்சி'. ப்ரொடக்‌ஷன்னா 'ஓகே மச்சி'. மெயின்டனன்ஸ்னா... ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி! எங்க மாமா ஒரு மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். "மெஷின் ஓடுற வரைக்கும் நம்மள யாருக்கும் தெரியாதுடா மாப்ள. நின்னாதான் தேடுவாங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வார். அந்தச் சிரிப்புக்குள்ள என்ன இருந்ததுன்னு கேரி கதையைப் படிச்சப்பதான் எனக்கு உறைச்சது. நாலு வருஷ சிலபஸில் புதுசா செய்யறதுக்குத்தான் மார்க் அதிகம். செஞ்சதைச் சாகாம வெச்சிருக்கிறதுக்கு, எங்க சிலபஸில் ஒரே ஒரு பேப்பர். அதுவும் எலெக்டிவ்!

கேரி சர்ச்சின் இடிபாட்டை உங்களில் பல பேர் பார்த்திருப்பீங்க. 'ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்' மூன்றாம் பாகத்திலும், 'சென்ஸ் எய்ட்' சீரியலிலும் வருவது அதுதான். கூரை விழுந்து, ஹாலுக்குள் செடி முளைத்து, பார்க்க செம அழகு. அதை ஒரு தோட்டமாக்க 2017-ல் ஒரு திட்டம்கூடப் போட்டார்கள். அந்தப் படத்தை இனிமேல் பார்த்தால், லைக் போடுங்க, தப்பில்லை. அதுக்கு முன்னாடி, குழாய்கள் நின்ன இடம் எதுவா இருக்கும்னு ஒரு செகண்ட் தேடிப் பாருங்க.

கடைசியா ஒரு கேள்வி. இது இன்டர்னல்ஸ்ல வராது. உங்க காலேஜில் கரன்ட் போன அடுத்த நிமிஷம் ஜெனரேட்டர் ரூமுக்கு ஓடுற அண்ணன் ஒருத்தர் இருப்பாரே... அவர் பேரு என்ன?